மரத்தில் இருப்பதும் செவ்வெறும்பு, மண்ணில் இருப்பதும் செவ்வெறும்பு: ஒரே பொடி போதுமா?

மார்ச் 9, மாலை. கேள்வி

வீட்டில் ஒரு சேன் தலோன் மாமரம் இருக்கிறது. காய் பிடித்திருக்கிறது. மேலே இலைகளைச் சுருட்டி உருண்டை உருண்டையாகச் செவ்வெறும்புக் கூடு. கீழே வேரைச் சுற்றி மண் கிளறி அங்கேயும் செவ்வெறும்பு. இரண்டும் ஒரே கூட்டம்தான், இரவில் கீழே இறங்கிப் படுத்துக்கொள்ளும், அடிமரத்தைச் சுற்றிப் பொடி தூவினால் இரண்டும் சேர்ந்து ஒழியும் என்று கடைக்காரர் சொல்கிறார். யாருக்காவது அனுபவம் உண்டா? நான் இருப்பது பர்மாவில், பெகு பக்கம்.

மார்ச் 9, இரவு. பதில்

ஒரே கூட்டம் இல்லை. நெருங்கிய உறவும் இல்லை. மேலே இருப்பது முசுறு. கீழே இருப்பது நெருப்பெறும்பு. நிறத்தைத் தவிர இரண்டுக்கும் பொருத்தம் குறைவு. பொடி தூவினால் போகிற வருகிற சில நூறு வேலைக்காரி எறும்புகள் சாகும். கூட்டம் அப்படியே இருக்கும். பொடியைக் கையில் எடுக்காதீர்கள்.

நான் சிரியத்தில் இருக்கிறேன். என் வீட்டிலும் ஒரே மரத்தின் மேலும் கீழும் இரண்டும் உண்டு. விவரம் நாளைக்கு எழுதுகிறேன், இப்போது கரண்ட் போய்விட்டது, போனில் சார்ஜ் இல்லை.

மார்ச் 10

முதலில் அடையாளம். கடைக்காரரிடம் வாதாடுவதற்கு இது போதும்.

முசுறு பெரிது. வெளியே நடமாடுகிறவை 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை இருக்கும். கால் நீளம், உடம்பு ஒல்லி, செம்பழுப்பு. சீண்டினால் ஓடாது. நின்று, பின்பக்கத்தைத் தூக்கி, வாயைத் திறந்துகொண்டு உங்களைப் பார்க்கும். அதற்குக் கொடுக்கு கிடையாது. கடிக்கும், கடித்த இடத்திலேயே பின்பக்கத்தை வளைத்து ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். எரிச்சல் வருவது அதனால்தான்.

நெருப்பெறும்பு சிறியது. ஒரே கூட்டத்தில் 3 மில்லிமீட்டரும் இருக்கும், 6 மில்லிமீட்டரும் இருக்கும், நடுவில் எல்லா அளவும் இருக்கும். பெரியவற்றின் தலை உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாக, நடுவில் பிளந்தபடி, சதுரமாக இருக்கும். இது வாயால் தோலைப் பிடித்துக்கொண்டு பின்னால் இருக்கும் கொடுக்கால் கொட்டும். ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கொட்டும்.

சந்தேகம் இருந்தால் இடுப்பைப் பாருங்கள். போன் கேமராவைக் கிட்டே கொண்டுபோனால் தெரியும். முசுறுக்கு இடுப்பில் ஒரே கணு. நெருப்பெறும்புக்கு இரண்டு கணு. இது போதும், மற்றதெல்லாம் படித்தவர்களுக்கு.

படித்தவர்கள் வைத்த பெயரையும் சொல்லிவிடுகிறேன், தேடிப் பார்க்க உதவும். முசுறு ஈகோஃபில்லா ஸ்மராக்டினா. நெருப்பெறும்பு சொலெனாப்சிஸ் ஜெமினாட்டா.

மார்ச் 10, மதியம்

“இரவில் கீழே இறங்கிப் படுத்துக்கொள்ளும்” என்பதற்கு மட்டும் தனியாகப் பதில்.

முசுறு மண்ணில் கூடு கட்டுவதே இல்லை. இரை தேடித் தரைக்கு இறங்கும், அவ்வளவுதான். வீடு முழுக்க மரத்தில், உயிருள்ள இலையில். வேலைக்காரிகள் இலை விளிம்பில் வரிசையாக நின்று, ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்வி, சங்கிலி கோத்து, அடுத்த இலையை இழுத்துக் கொண்டுவரும். இரண்டு விளிம்பும் சேர்ந்ததும் உள்ளேயிருந்து சில வேலைக்காரிகள் வளர்ந்த புழுக்களை வாயில் பிடித்துக்கொண்டு வரும். பட்டுநூல் சுரப்பது புழுதான், வளர்ந்த எறும்பு அல்ல. புழுவைத் தறி நாடா மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொட்டுத் தொட்டு எடுக்க, நூல் ஒட்டி இலைகள் தைத்துக்கொள்ளும். கூட்டைப் பிரித்தால் வெள்ளையாகத் தாள் போல ஒட்டியிருப்பது இந்த நூல்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது வேறு. பல எறும்புகளில் புழு அந்த நூலால் தனக்கே கூடு கட்டிக்கொள்ளும். முசுறுப் புழு நூல் முழுவதையும் ஊருக்குக் கொடுத்துவிட்டு, தான் வெறும் உடம்போடு கூட்டுப்புழு ஆகிறது. குழந்தைகளை வேலைக்கு அனுப்பும் குடும்பம் என்று என் மகள் சொல்வாள்.

நெருப்பெறும்புக்கு இந்தக் கலை எதுவும் கிடையாது. வெயில் படும் வெட்டவெளி மண்தான் வேண்டும். உள்ளே சுரங்கம், அறை, மேலே உதிரி மண் குவியல். குவியலிலிருந்து மண்ணுக்கடியிலேயே நாலா பக்கமும் வழி ஓடும். அதனால்தான் கூடு இருக்கும் இடத்திலிருந்து தள்ளி நிற்கும்போதும் காலில் ஏறிவிடுகிறது.

மார்ச் 12

தாட்டோன் அக்கா ஒருவர் எழுதியிருக்கிறார்: “மூங்கில் நுனியில் துணி சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்தி முசுறுக் கூட்டைக் காட்டிவிட்டால் முடிந்தது.”

அக்கா, ஒரு கூட்டைக் கொளுத்தினால் ஒரு அறை போகும். ஒரே கூட்டத்துக்குப் பல மரங்களில் பரவி நூறு கூடு வரைகூட இருக்கும், அஞ்சு லட்சம் வேலைக்காரிகள் வரை இருக்கும். ராணி பெரும்பாலும் ஒன்றே ஒன்று, அதுவும் ஏதோ ஒரு கூட்டில். அது நீங்கள் கொளுத்திய கூடாக இருக்க என்ன நியாயம்? மிச்சம் இருப்பவை மறுநாளே புதுக்கூடு தைக்கும். இலை காய்ந்தால் அவை எப்படியும் வேறு கூட்டுக்குக் குடிபோகிறவைதான். மாங்கொத்து கருகியதுதான் உங்களுக்கு மிச்சம். கோடையில் ஓலைக் கூரைக்குப் பக்கத்தில் தீப்பந்தம் வேறு.

மார்ச் 15

“இந்த நெருப்பெறும்பை வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து விட்டான், ரயில் போட்ட காலத்தில்” என்று ஒரு அண்ணன். கப்பல் என்பது சரி. ஆனால் ஆசியாவுக்கு ஏற்றிவந்தது பிரிட்டிஷ் கப்பல் அல்ல, ஸ்பெயின் கப்பல். அதுவும் ரயிலுக்கு மிகவும் முந்தி.

இந்த எறும்பின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். உலகம் முழுவதிலிருந்தும் மாதிரி எடுத்து மரபணுவை ஒப்பிட்டு 2015இல் ஓர் ஆய்வு வந்தது. ஆசியாவுக்கு வந்த எறும்பு தென்மேற்கு மெக்சிகோவிலிருந்து கிளம்பியது என்று அது காட்டுகிறது. அங்கே அகபுல்கோ துறைமுகம். 1565 முதல் 1815 வரை அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியர்கள் வெள்ளிக் கப்பல் ஓட்டினார்கள். கப்பல் பாரத்துக்கு மண்ணும் கல்லும் ஏற்றுவது அந்தக் கால வழக்கம், மண்ணோடு எறும்பும் ஏறியிருக்க வேண்டும். மணிலாவில் இறங்கி, அங்கிருந்து ஆசிய வணிகப் பாதை எல்லாம் பரவிவிட்டது. மிளகாயும் புகையிலையும்கூட அமெரிக்காவிலிருந்து கடல் ஏறி வந்தவைதானே. மிளகாயை மட்டும் நம்முடையது என்று சொல்லிக்கொள்கிறோம்.

முசுறு அப்படியல்ல. இந்தியாவிலிருந்து பர்மா, சயாம், மலேயா, வட ஆஸ்திரேலியா வரை இயற்கையாகவே இருக்கிறது. இந்தப் பேரினத்தில் இன்று உலகத்தில் பரவலாக அறியப்பட்டவை இரண்டு இனம்தான், இன்னொன்று ஆப்பிரிக்காவில்.

வெள்ளைக்காரர்கள் செய்தது பட்டியல் போட்டது. லியோனார்டோ ஃபேயா என்ற இத்தாலியர் 1885 முதல் 1889 வரை பர்மா முழுக்கச் சுற்றிப் பூச்சி பிடித்தார். அவர் பிடித்த எறும்புகளை எமரி என்ற இன்னொரு இத்தாலியர் 1889இல் விவரித்தார். பர்மாவில் வனத்துறை அதிகாரியாக இருந்த பிங்காம் 1903இல் பிரிட்டிஷ் இந்திய எறும்புகளுக்குத் தடித்த புத்தகம் ஒன்று எழுதினார். நம் மாமரத்து முசுறு அதில் இருக்கிறது.

மார்ச் 15, இரவு

கப்பல் கதை தொடங்கியதால் இதையும் சொல்லிவிட்டால் தூக்கம் வரும்.

1518, 1519 வாக்கில் கரீபியன் கடலில் ஹிஸ்பானியோலா தீவில் எறும்புப் பெருக்கம் வந்து தோட்டங்கள் நாசமாயின. வீட்டுக்குள் வந்து கடித்தன. பார்த்தலோமே டி லாஸ் காஸாஸ் என்ற பாதிரியார் இதை எழுதிவைத்திருக்கிறார். ஒரு மடத்தில் மாடியில் பாதரச விஷக்கட்டி ஒன்றை வைத்தார்களாம். ஊர் எறும்பெல்லாம் அதைத் தேடி வந்து செத்தது. செத்ததைவிட வந்தது அதிகமானதால் கட்டியை எடுத்துவிட்டார்கள். கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒரு புனிதரைக் காவலுக்குத் தேர்ந்தெடுத்தார்களாம். அந்த எறும்பு நம் நெருப்பெறும்புதான் என்று எட்வர்ட் வில்சன் என்ற எறும்பு ஆய்வாளர் 2005இல் ஊகித்து எழுதினார். வாழைக்கன்றோடு வந்த சாறுண்ணிப் பூச்சிகள் பெருகி, அவை கழித்த இனிப்பைத் தின்று எறும்பும் பெருகியது என்பது அவர் வாதம். பயிரைக் கெடுத்தது எறும்பல்ல, பூச்சி. பழி எறும்புக்கு.

பெகு அண்ணன் உங்கள் கடைக்காரரிடம் இந்த மடத்துக் கதையைச் சொல்லிப் பாருங்கள். 500 வருஷமாக ஒரே யோசனைதான்.

மார்ச் 21

யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். இரண்டுக்கும் இதில்தான் பெரிய வித்தியாசம், பலரும் கவனிப்பதில்லை.

முசுறில் வேலைக்காரிகள் இரண்டு அளவு. பெரியது வெளியே வரும், சின்னது கூட்டுக்குள்ளேயே இருந்து குஞ்சு பார்க்கும். பாதி அளவுதான் இருக்கும், கூட்டைப் பிரித்தால்தான் கண்ணில் படும். பெரியவற்றிலும் வயதுப்படி வேலை. இளசுகள் உள்ளே. வயதானவை எல்லையில். கூட்டத்தின் ஓரத்தில் இருக்கும் சில கூடுகளில் குஞ்சே இருக்காது, கிழவிகள் மட்டும் இருப்பார்கள். அடுத்த கூட்டத்து முசுறு வந்தால் முதலில் சண்டைக்குப் போவது அவர்கள்தான். நம் ஊரில் இளைஞர்களை அனுப்புகிறோம், முசுறு பாட்டிகளை அனுப்புகிறது. இதைச் சொன்னதும் என் அம்மா சிரிக்கவில்லை.

நெருப்பெறும்பில் அளவுதான் வேலையைத் தீர்மானிக்கிறது. அந்தச் சதுரத் தலை முழுக்கத் தாடைக்கான தசை. பெருந்தலைகள் விதை உடைப்பவை. புல் விதை, நெல், எள் எது கிடைத்தாலும் உடைத்து மாவாக்கும். வயதான பெருந்தலையின் தாடையில் பல் தேய்ந்து மழுங்கியிருக்கும். முசுறு விதையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்கு வேண்டியது உயிருள்ள பூச்சியும் இனிப்புச் சாறும்.

மார்ச் 21, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். நெருப்பெறும்பு விதை மட்டும்தான் தின்னும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எண்ணெய், இறைச்சித் துண்டு, செத்த பூச்சி, உயிருள்ள புழு, மாவுப்பூச்சியின் இனிப்பு எல்லாம் தின்னும். வரப்பில் இருக்கும் நெருப்பெறும்பு நெற்பயிரில் தத்துப்பூச்சியையும் பிடிக்கும், விதைத்த நெல்லையும் இழுத்துப் போகும். ஒரே எறும்பு, இரண்டு கணக்கு. நேரடி விதைப்பு செய்கிறவர் திட்டுவார், நாற்று நடுகிறவர் சும்மா இருப்பார்.

மார்ச் 30

முசுறு வேண்டுமா வேண்டாமா என்று வாதம் சூடாகிவிட்டது. என் கட்சி: வைத்துக்கொள்ளுங்கள். காரணம் பாசம் அல்ல.

தென் சீனத்தில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் முசுறுக் கூட்டைச் சந்தையில் பையோடு வாங்கி மரத்தில் கட்டினார்கள் என்று கி.பி. 304ஐச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு செடிநூல் சொல்கிறது. முசுறு இல்லாவிட்டால் பழம் ஒன்றுகூட சொத்தை இல்லாமல் தேறாது என்கிறது. பூச்சியைப் பூச்சியால் அடக்கியதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று இதுதான். பிறகு மரத்துக்கு மரம் மூங்கில் பாலமும் போட்டார்கள்.

இந்தக் காலத்திலும் ஆஸ்திரேலியாவில் டார்வின் பக்கம் பெங், கிறிஸ்டியன் என்ற இருவர் முந்திரியிலும் மாவிலும் வருடக்கணக்கில் சோதித்தார்கள். முசுறு இருக்கும் மரத்தில் தத்துப்பூச்சி, இலைப்பேன், பழ ஈ எல்லாம் குறைந்தன. ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டில் அங்கத்திய முசுறை வைத்து மாந்தோப்பில் பழ ஈயைக் குறைத்தார்கள். அங்கே கண்டது ஒன்று சுவையானது: எறும்பு ஈயைப் பிடித்துத் தின்பது கொஞ்சம்தான். எறும்பு நடந்துபோன பழத்தில் விட்டுப்போகும் வாசனையே பழ ஈயை முட்டையிட விடாமல் துரத்துகிறது.

என் மரத்தைப் பற்றிச் சொன்னால், முசுறு நிறைந்த கிளைகளில் பழத்தை வெட்டும்போது புழு கிடைப்பது அபூர்வம். முசுறு ஏறாத தெருப்பக்கக் கிளையில் பாதிக்குப் பாதி கறிவேப்பிலைச் செடிக்கு உரமாகத்தான் போகிறது. இது ஆய்வு இல்லை, ஒரு மரத்துக்கதை.

மார்ச் 31

சரி, மறுபக்கமும் எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் முசுறுக் கட்சியின் நோட்டீஸ் ஆகிவிடும்.

முசுறு மாவுப்பூச்சியையும் செதில்பூச்சியையும் வளர்க்கும். அவை கழிக்கும் இனிப்புக்காக மற்ற பூச்சிகளிடமிருந்து அவற்றைக் காக்கும். இனிப்பு சிந்திய இலையில் கரும்பூசணம் படியும். பழத்தோலில் எறும்பின் அமிலம் பட்டுக் கரும்புள்ளி விழும், சந்தையில் விலை குறையும். பூக்கும் காலத்தில் பூவுக்கு வரும் ஈயையும் தேனீயையும் மிரட்டும். காய் பறிக்கிறவருக்கு நரகம்.

எனவே வீட்டு மரம் என்றால் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம். விற்பனைக்குத் தோப்பு வைத்திருக்கிறவர் தன் ஆட்களைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். சேன் தலோனில் தோல் அழகுக்கும் காசு உண்டு.

பறிக்கும்போது சாம்பலைக் கையிலும் கால்களிலும் பூசிக்கொள்வது என் பெரியப்பா வழக்கம். கொஞ்சம் உதவும். நண்பகல் வேண்டாம், விடியற்காலைக் குளிரில் ஏறினால் முசுறு மந்தமாக இருக்கும். கொஞ்சம்தான் மந்தம்.

ஏப்ரல் 15

திங்ஜான் தண்ணீர்த் திருவிழாவில் போன் நனைந்து இரண்டு நாள் அரிசிப் பானையில் கிடந்தது. புத்தாண்டு வாழ்த்து எல்லாருக்கும். அதற்குள் இங்கே சாப்பாட்டுப் பேச்சு ஆரம்பித்திருக்கிறது.

ஆமாம், தின்பார்கள். பர்மியர்கள் காஜின் என்று சொல்வது இந்த முசுறைத்தான். வெயில் காலத்தில் கூட்டை அறுத்து வாளித் தண்ணீரில் உதறி, புழுவையும் எறும்பையும் மிளகாய், பூண்டு சேர்த்து இடித்தால் புளிப்பாகத் தொட்டுக்கொள்ள ஒன்று கிடைக்கும். புளிப்பு அந்த அமிலத்தினுடையது. ஒடிசாவில் மயூர்பஞ்ச் பக்கம் செய்யும் இதே முசுறுச் சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடே கிடைத்தது. லாவோஸிலும் வடகிழக்குத் தாய்லாந்திலும் எறும்பைவிட வெள்ளைப் புழுவுக்குத்தான் கிராக்கி. சிறகு முளைக்கப் போகும் ராணிப் புழு பெரிது, அதற்கு விலை அதிகம்.

“சீ, நம்மவர்கள் இதைத் தொடமாட்டார்கள்” என்று எழுதிய தம்பிக்கு: எங்கள் தெருவில் நம்மவர்கள் வீட்டிலேயே ஙாப்பி என்ற மீன் விழுது ஒரு ஜாடி, காஜின் ஒரு கிண்ணம் உண்டு. அமாவாசைக்கு மட்டும் நிறுத்துவார்கள். நான் சாப்பிட்டிருக்கிறேன். வாயில் கால் குத்துவது பிடிக்கவில்லை, ருசி பிடித்தது.

நெருப்பெறும்பை யாரும் தின்று நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 19

கடிக்கு மருந்து. இது பற்றி மட்டும் விளையாட வேண்டாம்.

முசுறு கடித்தால் மேல்தோலில் அமிலம். தண்ணீரில் கழுவினால் போதும், கொஞ்ச நேரத்தில் அடங்கும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

நெருப்பெறும்பின் விஷம் பெரும்பாலும் ஆல்கலாய்டு, அமிலம் அல்ல, அதுவும் தோலுக்குள் ஏற்றப்படுகிறது. சுண்ணாம்பு தடவுவது, சோடா மாவு தடவுவது எல்லாம் மேலே நிற்கும், விஷம் கீழே இருக்கும். குளிர்ந்த தண்ணீர் ஒத்தடம் கொடுங்கள், சொறியாமல் விடுங்கள். கொப்புளத்தைக் கிள்ளினால் சீழ் பிடிக்கும். அந்த விஷத்தில் இருக்கும் சிறிதளவு புரதம் சிலருக்கு ஒவ்வாமை தரும். உதடு வீங்குவது, மூச்சு இழுப்பது, தலை சுற்றுவது தெரிந்தால் எந்தத் தைலமும் தேடாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

என் தம்பி மகனுக்கு ஒருமுறை முகம் வீங்கியபோது பக்கத்து மருத்துவமனை ஒன்றில் “எறும்புக் கடிதானே” என்று வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். உட்காராதீர்கள், மூச்சு இழுக்கிறது என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மே 2

போட்டோ போட்ட பெண்ணுக்கு: அது முசுறு அல்ல, சிலந்தி. காலை எண்ணுங்கள், எட்டு இருக்கும். முன்னங்கால் இரண்டைத் தூக்கி உணர்கொம்பு என்று ஏமாற்றுகிறது. முசுறின் நிறம், நடை, ஒல்லி இடுப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட குதிக்கும் சிலந்தி இது. ஆணின் தாடை மிக நீளம், பார்த்தால் ஒரு முசுறு இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு போவதாகத் தோன்றும். முசுறைக் கண்டு பயப்படும் குருவியும் குளவியும் இதையும் விட்டுவிடும் என்பது லாபம்.

இன்னொரு திருடனும் உண்டு. ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு முசுறுக் கூட்டுக்குள்ளேயே வாழ்ந்து முசுறுக் குஞ்சுகளைத் தின்று வளரும். தோல் ஓடு போலத் தடித்திருப்பதால் எறும்பு கடித்தாலும் ஏறாது. சிறகு முளைத்து வெளியே வரும்போது உடம்பெல்லாம் உதிரும் செதில். கவ்வ வரும் எறும்பின் வாயிலும் கொம்பிலும் செதில் ஒட்டிக்கொள்ள, அது துடைத்துக்கொண்டிருக்கும்போது இது பறந்துவிடும். லிபைரா பிராசோலிஸ் என்று தேடுங்கள். நான் நேரில் பார்த்ததில்லை, பார்த்தவர் இருந்தால் எழுதுங்கள்.

மே 9

“நம் நாட்டு ஆம்பரில் முசுறு கிடைக்குமா?” என்ற கேள்வி. ஆம்பர் என்பது கல்லாகிப்போன மரப்பிசின். தலைப்பை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம், பரவாயில்லை.

காச்சின் மாநிலத்தில் ஹூகாங் பள்ளத்தாக்கு ஆம்பர் சுமார் 9 கோடியே 90 லட்சம் வருஷம் பழையது. அதில் எறும்பு உண்டு, முசுறு இல்லை. அதிலிருப்பவற்றில் பிரபலமானது நரக எறும்பு என்று சொல்லப்படுவது, ஹைடோமிர்மெக்ஸ். 1996இல் துலூஸ்கி என்ற ரஷ்யர் பெயர் வைத்தார். இன்றைய எறும்புகளின் தாடை பக்கவாட்டில் மூடும், அதனுடையது கீழிருந்து மேலே மூடும். தாடைக்கும் நெற்றிக்கும் நடுவில் இரையைப் பிடிக்கும். அந்தக் கிளை அப்படியே அற்றுப்போய்விட்டது, இன்று வாரிசு இல்லை.

முசுறுக் குடும்பத்துப் பழைய எலும்புக்கூடு வேண்டுமென்றால் ஐரோப்பாவுக்குப் போக வேண்டும் (எறும்புக்கு எலும்பு ஏது என்று யாரும் எழுத வேண்டாம்). பால்டிக் கடலோர ஆம்பரில் முசுறு கிடைக்கிறது. அங்கே அப்போது இன்றைவிட வெப்பம். இன்று ஐரோப்பாவில் ஒரு முசுறுகூடக் கிடையாது.

யாங்கோன் போஜோ சந்தையில் எறும்பு உள்ள ஆம்பர் என்று நீட்டுவதை வாங்காதீர்கள். பிளாஸ்டிக்காக இருந்தால் பணம் போச்சு. நிஜமாக இருந்தால் அது வந்த இடத்தில் சண்டையும் சுரங்கத்தில் புதைந்த உயிர்களும் இருக்கின்றன.

மே 24

மழை பிடித்துவிட்டது. நேற்று இரவு விளக்கைச் சுற்றி ஈசலோடு சேர்ந்து பச்சை நிறத்தில் பெரிதாக ஒன்று விழுந்தது என்று எழுதியவருக்கு: அது முசுறு ராணி. ஸ்மராக்டினா என்ற பெயர் மரகதத்திலிருந்து வந்தது, அந்தப் பச்சைக்காகத்தான்.

இரண்டு இனமும் மழையை ஒட்டித்தான் பறக்கின்றன. ஆண்கள் சீக்கிரம் செத்துப்போகும். அதன்பின் பாதை பிரிகிறது. முசுறு ராணி சிறகை உதிர்த்துவிட்டு ஒரு இலை மடிப்பில் ஒடுங்கி முட்டையிடும். சில சமயம் ஒரே மடிப்பில் இரண்டு மூன்று ராணிகள் சேர்ந்து தொடங்கும், கடைசியில் பெரும்பாலும் ஒன்றுதான் தங்கும். நெருப்பெறும்பு ராணி மண்ணைத் தோண்டி, உள்ளே போய், வாசலை அடைத்துக்கொண்டு, இனித் தேவைப்படாத சிறகுத் தசையைக் கரைத்தே முதல் குஞ்சுகளை வளர்க்கும். வெளியே வரவே வராது. அந்த முதல் வேலைக்காரிகள் மிகப் பொடிசு, பிள்ளையார் எறும்பு என்றே நினைப்பீர்கள்.

நெருப்பெறும்பில் இன்னொரு தொல்லை. சில இடங்களில் ஒரே புற்றில் பல ராணிகள் இருக்கும். ஒன்றைக் கொன்றால் வேலை முடியாது.

ஜூன் 1

கேள்வி கேட்ட பெகு அண்ணன் திரும்பி வந்திருக்கிறார். கடைக்காரர் பேச்சைக் கேட்டுப் பொடி தூவிவிட்டாராம். “மேலே குறைந்துவிட்டது, கீழே அதிகமாகிவிட்டது.”

இதில் ஆச்சரியம் இல்லை. முசுறு அடிமரம் வழியாக ஏறி இறங்கும்போது பொடியில் மிதித்துச் செத்தது. கிளையிலேயே இருந்தவை மட்டும் மிச்சம். கீழேயுள்ள நெருப்பெறும்புக்குச் சுரங்கம் இருக்கிறது, பொடியின் அடியிலேயே போய் வந்தது. மேலிருந்து விழுந்த முசுறுப் பிணம் அதற்கு விருந்து.

இப்போது செய்யக்கூடியது:

மரத்தின் மேல் எதுவும் வேண்டாம். புற்றுக்கு மட்டும் வைத்தியம். சின்னப் புற்று, செடி வேர் பக்கத்தில் இல்லை என்றால் வெந்நீர். ஒரு கெண்டி போதாது, ஒரு பெரிய குண்டான் கொதிநீரை வெயில் ஏறிய காலை நேரத்தில் ஊற்றுங்கள். அப்போது குஞ்சுகளை மேலறைக்குக் கொண்டுவந்து வைத்திருக்கும். முழுதாகப் போகாது, சில நாளில் பக்கத்தில் குவியல் தலைகாட்டும், மறுபடி ஊற்ற வேண்டும். மாவேரின் மேல் ஊற்றிவிடாதீர்கள்.

பெரிய புற்று என்றால் இரை மருந்து. சோளக் குறுணையில் எண்ணெயும் மெதுவாகக் கொல்லும் விஷமும் கலந்து வருவது. மெதுவாக என்பதுதான் முக்கியம். வேலைக்காரி உடனே செத்தால் வீட்டுக்குக் கொண்டுபோக ஆள் இல்லை. நெருப்பெறும்பில் வளர்ந்த எறும்பு திட உணவை விழுங்காது, பெரிய புழுக்களுக்கு ஊட்டும், புழு கரைத்துத் தந்ததைக் கூட்டம் பகிரும். எண்ணெயில் கலந்த விஷமும் இப்படி வாய்க்கு வாய் கைமாறி ராணி வரை போகும். புற்றின் மேலேயே கொட்டாமல் சுற்றிலும் தூவுங்கள். மழை பெய்த ஈர மண்ணில் தூவினால் வீண். இந்த மாதம் வெயில் விழும் நாளைப் பிடிப்பது உங்கள் சாமர்த்தியம். கோழி மேயும் இடமென்றால் வேண்டாம்.

ஜூன் 3

“மேலே முசுறு பலமாக இருந்தால் கீழே நெருப்பெறும்பு வராதா?” மரத்தில் ஏற விடாது, அவ்வளவுதான். தரை அதன் ஆட்சி அல்ல. என் மரத்தடியில் இரண்டும் வருடக்கணக்கில் இருக்கின்றன, அடிமரத்தில் முழங்கால் உயரத்தில் எல்லை. அதற்கு மேலே வந்த நெருப்பெறும்பை முசுறு நாலு பக்கமும் காலைப் பிடித்து இழுத்து நீட்டி வைத்திருப்பதைப் பார்க்கலாம். தரையில் இறங்கிய ஒற்றை முசுறுக்கும் அதே கதி.

ஜூன் 16

தெருப்பக்கக் கிளைக்கும் பக்கத்து எலுமிச்சைக்கும் முசுறை எப்படிக் கொண்டுபோவது என்று பலர் கேட்கிறார்கள். கயிறு கட்டுங்கள். சணல் கயிறோ மூங்கிலோ. ஒரு மரத்து முசுறு கயிறு வழியாக அடுத்த மரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும்.

ஆனால் அந்த மரத்திலும் முசுறு இருந்தால் முதலில் சோதித்துப் பாருங்கள். இந்த மரத்து எறும்பு ஒன்றிரண்டை ஒரு குச்சியில் ஏற்றி அந்த மரத்துப் பாதையில் விடுங்கள். கொம்பால் தடவிப் பார்த்து விட்டுவிட்டால் ஒரே கூட்டம், கட்டலாம். கவ்விப் பிடித்து இழுத்தால் வேறு கூட்டம். அப்போது பாலம் போட்டால் பாட்டிகள் இரண்டு பக்கமும் செத்துவிழுவதைப் பார்க்க வேண்டியிருக்கும், அதோடு இரண்டு மரத்திலும் காவல் குறையும்.

ஜூன் 17

துணி காயப்போடும் கொடியையே கட்டிவிட்டேன் என்று எழுதியவருக்கு: வேறு கயிறு கட்டிக் கொடுத்துவிட்டுக் கொடியை அவிழ்த்துவிடுங்கள். அதுவரை லுங்கியை நன்றாக உதறிக் கட்டுங்கள்.